கரைப்பங்கு

கொட்டாஞ்சேனை, கொழும்பு.
10.9.1961

என் அன்புக்குரிய அற்புதம் அக்காவுக்கு,

தம்பி ஸ்ரீபன் எழுதுவது. அந்தோனியார் துணையால் நான் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுமென்று நாளும் செபிக்கிறேன். அத்தானின் முழங்கால் வலி எப்படி? நான் அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறாரா, அல்லது போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாரா?

ஒரு பெரிய செய்தி இருக்கிறது. எங்கள் கம்பனி டென்மார்க் தேசத்துக் கம்பனி என்று முன்பே எழுதியிருக்கிறேன். இதுவரை கப்பலில் சாமான் இறக்கி விற்பதுதான் அதன் வேலை. இப்போது தன் சொந்தப் பணத்தை இலங்கையிலே போட்டு ஒரு தொழிற்சாலை கட்டப் போகிறது. ஐஸ் செய்து, றாலை உரித்து உறையவைத்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது திட்டம். சிலாபமா மன்னாரா என்று மேசையில் படத்தை விரித்துவைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் மொழிபெயர்க்கிற கிளாக்கராகிய என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் நந்திக்கடல் களப்பின் றாலை ஒருதரம் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள் என்று மனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் படத்தில் முல்லைத்தீவைத் தேடினார், அகப்படவில்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

வந்து பார்த்துவிட்டார்கள் அக்கா, பிடித்துவிட்டது. நம் தாழைமுனையில் கோயிலுக்குச் சொந்தமாகத் தெற்கே கிடக்கிற வெறுங்காணியைக் கேட்கிறார்கள். ஊர் சம்மதித்தால்தான் சுவாமியார் கையெழுத்து வைப்பார். நீங்கள்தான் ஊரோடு கதைக்க வேண்டும். உங்கள் கதைக்கு எடுபடாத ஆள் அந்தக் கரையில் இல்லை. தொழிற்சாலை வந்தால் றோட்டு வரும், வேலை வரும், றாலுக்கு விலை வரும். நானும் அங்கே மாற்றலாகி வரலாம்.

நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் பாசமுள்ள தம்பி,
ஸ்ரீபன்

*

இயேசு மரி சூசை
தாழைமுனை, முல்லைத்தீவு.
28.9.1961

தம்பி ராசா,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் சுகம். அத்தானின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய எண்ணெயை வாசம் நல்லதென்று தலைக்கு வைத்து முடித்துவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் கூடியது. உன் கடிதத்தை நான்தான் படித்தேன். ஆளுக்கொரு கதை. விலை வருமே என்று சிலர். வெள்ளைக்காரன் போய்ப் பதின்மூன்று வருஷந்தான், ஏன் வெற்றிலை வைத்து அழைப்பான் என்று சிலர். என்னோடு றால் காயவைக்கிற இரஞ்சிதம், "ஐஸ் வந்தால் எங்கட பாய்க்கு என்ன வேலை?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

கடைசியில் அத்தான் எழும்பினார். அவர் கூட்டத்தில் வாய் திறப்பது வருஷத்தில் ஒரு நாள். "கரைப்பங்கு தந்தால் வரட்டும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். சனம் முழுக்க ஓம் என்றது.

நீ பன்னிரண்டு வயதில் போடிங் பள்ளிக்கூடத்துக்குப் போனவன், மறந்திருப்பாய். வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரரான நீர்கொழும்புச் சம்மாட்டிமார் கரைவலையோடு நம் கரைக்கு வரும்போது, முதல் வலை போட முன்னம் கோயில் வாசலில் நின்று கரைப்பங்குக்கு வாக்குக் கொடுப்பார்கள். அது காசும் இல்லை, மீனும் இல்லை. வள்ளத்தை நடத்தி எங்கே வலை வளைப்பதென்று சொல்கிறவர் தண்டையல். அவருக்குப் பக்கத்தில் நம் கரையாள் ஒருவனை இருத்த வேண்டும். அவன் எல்லாம் பார்ப்பான், கேட்பான். கேட்டதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒளிக்கக் கூடாது. அத்தான் அப்படித்தான் மூன்று வருஷம் ஒரு நீர்கொழும்பு வள்ளத்தில் இருந்தார். பிறகு அந்தச் சம்மாட்டி வராமல் விட்டான். ஊர் பட்டினி கிடக்கவில்லை. அத்தானுக்கு வலை வளைக்கத் தெரிந்திருந்தது, ஊர் சேர்ந்து சொந்த வலை பின்னியது. சம்மாட்டி மீனைக் கொண்டுபோனான், அத்தானை எங்களுக்கு விட்டுப்போனான்.

இதுவும் அப்படித்தான். துரைமார் வரட்டும், றாலை வாங்கட்டும், இலாபத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோகட்டும். மெசினுக்குப் பக்கத்தில் நம் கரையாள் ஒருவருக்கு இடம் வேண்டும், அதை ஓட்டப் பழகும்வரை. இதை அவர்கள் பாஷையில் அப்படியே சொல்லு. கூட்டாதே, குறைக்காதே.

சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகு. மாதா உன்னைக் காப்பாற்றுவா.

உன் அக்கா,
அற்புதம்

*

கொட்டாஞ்சேனை.
22.10.1961

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கு நான் சுகம், அங்கும் சுகமென்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன். எல்லாம் சரிவந்துவிட்டது! நேற்றுக் கூட்டத்தில் ஊரின் விருப்பத்தை எடுத்துச் சொன்னேன், மனேஜர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். பத்திரம் சுவாமியாருக்குத் தபாலில் வருகிறது. இரஞ்சிதம் அக்காவிடம் சொல்லுங்கள், காயவைக்கிற பெண்கள் எல்லோருக்கும் றால் உரிக்கிற வேலை கிடைக்கும், வெய்யிலில் நிற்கத் தேவையில்லை.

கோயிலுக்குக் கம்பனி ஒரு வெண்கல மணியும் தருகிறது.

வேறு விசேஷம் இல்லை. ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

என்றும் உங்கள்,
ஸ்ரீபன்

*

(தபாலில் போடாத கடிதம்)
23.10.1961

அக்கா,

நேற்று எழுதியது பொய். எல்லாம் பொய் இல்லை, நடுவில் இருக்கிற ஒன்று பொய்.

கரைப்பங்கை நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதி, பைலில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குள் போனேன். மனேஜர், சட்டத்தரணி, கொப்பன்ஹேகனிலிருந்து வந்த ஒருவர், மூன்று பேரும் இருந்தார்கள். ஊர் என்ன கேட்கிறது என்று மனேஜர் கேட்டார். நான் பைலைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அத்தான் என் கண்ணில் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, டென்மார்க் மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். இவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டுச் சிலாபத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். வாயில் வேறு வார்த்தை வந்தது. புதிதாக வருகிறவர்கள் கோயிலுக்குக் காணிக்கை கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம் என்று சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று மனேஜர் மேசையில் தட்டினார். மணி வார்ப்பிக்கச் சொன்னார். அதில் பொறிக்க அந்தோனியார் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் சிரிக்கவேயில்லை அக்கா. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. உங்களை நினைத்து வெட்கப்பட்டேன். இதை எப்படி உங்களுக்கு எழுதுவேன்?

*

தாழைமுனை.
18.3.1962

என் செல்லத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல். நத்தார்ப் பண்டிகைக்கும் வரவில்லை, கடிதமும் குறைந்துவிட்டது. கந்தோரில் அவ்வளவு வேலையா?

தொழிற்சாலை ஓடத் தொடங்கிவிட்டது. யென்சன் என்று ஒரு துரை மெசினோடு வந்திருக்கிறார். நெடுவல், முகம் வெய்யிலில் சிவந்து அவித்த நண்டு மாதிரி. நல்ல மனுசன், கைகூப்பிக் கும்பிடப் பழகிவிட்டார். முப்பத்தெட்டுப் பெண்கள் உரிக்கிறோம், எனக்கு மேற்பார்வை. விடிய ஏழுக்கு மணி அடித்தால் போவது, நாலுக்கு வருவது. ஐஸ் தண்ணீரில் விரல் விறைத்துப்போகும், ஆனால் கிழமைக்குக் கிழமை சம்பளம்.

றாலுக்கு விலை முன்னையைவிட இரண்டு மடங்கு. கேட்கச் சந்தோஷந்தானே. சங்கதி என்னவென்றால் இப்போது நம் சட்டியில் றால் இல்லை. விற்கிற விலையை நினைத்தால் கறி வைக்க மனம் வருகுதில்லை. போன ஞாயிறு அத்தான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "நந்திக்கடல் வத்திப்போச்சோ?" என்று கேட்டார். முந்தி நம்மிடம் காய்ந்த றால் வாங்கிப்போய் விற்ற செட்டிகுளத்து வியாபாரி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிவிட்டார். இனி வரமாட்டார். உங்கள் கம்பனிக் கணக்கில் இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

முதல் லொறியை ஒட்டுசுட்டானுக்கு அங்காலே யானை மறித்து நாலு மணித்தியாலம் நின்றதாம். ஐஸ் அரைவாசி கரைந்து, றால் மாங்குளம் ஸ்டேசன் வரைக்கும் மணத்ததாம். யானைக்கும் கம்பனி ஏதாவது காணிக்கை கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

மணி வந்தது. நல்ல மணி, சத்தம் வட்டுவாகல் வரைக்கும் கேட்கும். ஆனால் தம்பி, மணியை யார் கேட்டது? நம் ஆளை மெசினடியில் எப்போது இருத்துவார்கள் என்று அத்தான் கேட்கிறார். அதைப் பற்றி உனக்கு எழுத ஏதாவது இருந்தால் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

உன் முகத்தைக் காண ஆசையோடு இருக்கும்,
அக்கா

*

கொட்டாஞ்சேனை.
15.4.1962

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், யானையை நினைத்து டிராமில் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன், டிராம் நின்றுபோனதையும் மறந்து எழுதுகிறேன் பாருங்கள், பஸ்ஸில்.

றால் கறி பற்றி எழுதியிருந்தீர்கள். அக்கா, இதைக் கொஞ்சம் பெரிதாகப் பார்க்க வேண்டும். நம் நாட்டிடம் கடல் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், மூலதனம் இல்லை. தேயிலையையும் றப்பரையும் நம்பியே இருக்கிறோம். வெளிநாட்டான் தன் பணத்தை இங்கே போடும்போது நாம் இருபது வருஷம் சேமித்துச் செய்ய வேண்டியது ஒரு வருஷத்தில் நடக்கிறது. ஒரு பெட்டி றால் கப்பலேறினால் அந்நியச் செலாவணி வருகிறது, அதில்தான் மருந்தும் அரிசியும் வருகின்றன. உங்கள் முப்பத்தெட்டுப் பேரின் சம்பளம் முல்லைத்தீவுக் கடையில் செலவாகிறது, கடைக்காரர் இன்னொரு ஆளை வைக்கிறார். வளர்ச்சி என்பது இப்படித்தான் படிப்படியாக வரும் என்று மனேஜர் ஒரு கூட்டத்தில் விளக்கினார்.

மெசினடியில் ஆள் இருத்துவது சட்டத்தரணி கையில் இருக்கிறது. சுணங்கும் போல.

யூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்கு வர லீவு கிடைக்காது. குறை நினைக்காதேங்கோ.

உங்கள் தம்பி,
ஸ்ரீபன்

*

தாழைமுனை.
26.8.1962

அன்பான தம்பி,

நாங்கள் சுகம், உன்னைத்தான் கனவில் மெலிந்துபோகக் கண்டேன். சுணங்கி எழுதுவதற்குக் கோவிக்காதே. இப்போது எனக்குக் கந்தோர்க்காரர் மாதிரி நேரமில்லை.

உன் பிரசங்கத்தை அத்தானுக்குப் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிட்டார். நான் நித்திரை கொள்ளவில்லை, யோசித்தேன். நீ சொன்னதில் முக்கால்வாசி சரி. றோட்டு கல் போட்டு வட்டுவாகல் பாலம் வரைக்கும் வந்துவிட்டது. இரஞ்சிதம் வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறாள், மகளை மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். பாய் விரித்த காலத்தில் அது நடந்திராது, அவளே சொல்கிறாள். மிச்சம் கால்வாசி என்னவென்றால், மெசின் நின்ற நாளில் முப்பத்தெட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு யென்சன் துரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர் காய்ச்சலில் படுத்த மூன்று நாள் ஊரே படுத்தது. களப்பில் பிடித்த றால் கரையில் அழுகியது. காயவைக்கலாமென்றால் பாயெல்லாம் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது.

காய்ச்சலுக்கு நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், நண்டுக் கறியும் கொடுத்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கதிரையில்தான் அவருக்குச் சாப்பாடு. உறைப்பில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவார், போதும் என்று சொல்லமாட்டார். அவருக்கும் டென்மார்க்கில் ஒரு அக்கா இருக்கிறாவாம்.

ஒரு உதவி. இந்த ஆங்கிலச் சொற்களுக்குக் கருத்து எழுதி அனுப்பு: வால்வ், பிறஷர், கொம்பிறசர், லீக். பள்ளிக்கூட வாத்தியார் கேட்டவர். சின்னப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி எழுது.

கரைப்பங்கு பற்றி இனி உன்னைக் கேட்கமாட்டேன், சட்டத்தரணிக்குத் தொந்தரவு வேண்டாம். நத்தாருக்கு மட்டும் வா.

அக்கா

*

கொட்டாஞ்சேனை.
9.12.1962

அன்புள்ள அக்கா,

தேவ கிருபையால் சுகம். நீங்கள் கேட்ட கருத்துகளைத் தனித்தாளில் படம் கீறி இணைத்திருக்கிறேன். வாத்தியாருக்கு விளங்காவிட்டால் எழுதச் சொல்லுங்கள். எந்த வாத்தியார், நடராசா வாத்தியாரா? அவர் தமிழ் அல்லவா படிப்பிக்கிறவர்?

உங்கள் கடிதத்தின் மூலையில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் இருக்கிறது. விளக்குக் கரியா? கண் கெடும், புது விளக்கு வாங்குங்கள்.

இங்கே கந்தோரில் எல்லோர் முகமும் வாடியிருக்கிறது. எண்ணெய்க் கம்பனிகளின் சாமான்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதிலிருந்து கொப்பன்ஹேகனில் பயப்படத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு எண்ணெய், நாளைக்கு றாலா என்று கேட்டுத் தந்தி வருகிறது. ஒரு சின்ன மெசின் உதிரிப்பாகம் இறக்குவதற்கும் செலாவணி அனுமதி கேட்டுப் படியேறி இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த நத்தாருக்கும் வர முடியாது போலிருக்கிறது. பாலன் பிறப்பு வாழ்த்துகள். அத்தானுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி,
ஸ்ரீபன்

*

தாழைமுனை.
3.2.1963

தம்பிக்கு,

சுகம். சால்வை வந்தது, அத்தான் அதைக் களப்புக்கே கட்டிக்கொண்டு போகிறார். எனக்குக் கொஞ்சநாளாகக் கண் எரிவு, அதனால் நீட்டி எழுத முடியவில்லை. பயப்படாதே. நீ கீறிய படங்கள் நல்ல தெளிவு, வாத்தியாருக்கு விளங்கிவிட்டதாம். வாத்தியார் கெட்டிக்காரர்.

இரண்டு நத்தார் போய்விட்டது. உன் கோப்பையைக் கழுவிக் கழுவி வைக்கிறேன்.

அக்கா

*

கொட்டாஞ்சேனை.
8.9.1963

என் அக்காவுக்கு,

நான் அனுப்பிய கண் மருந்து கிடைத்ததா? எரிவு மாறியதா? உங்கள் சுகத்துக்காகக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்தினேன்.

இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்பனி போகிறது. இங்கே போட்டதை விற்றுவிட்டு நவம்பர் முடிவோடு தாழைமுனையை மூடுகிறார்கள். யென்சன் துரைக்குக் கப்பல் சீட்டு எடுத்தாகிவிட்டது.

மெசினை மீனவர் சங்கத்துக்குக் கொடுக்க மனேஜருக்கு விருப்பமிருந்தது. ஐஸ் விற்று விலையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டினால் போதும், கழற்றி ஏற்றுகிற தொல்லையும் இல்லை என்றார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: அங்கே அதை ஓட்டத் தெரிந்த உள்ளூர் ஆள் யாராவது இருக்கிறார்களா? பதிலை அறிக்கையில் எழுதச் சொன்னார். 'ஒருவரும் இல்லை' என்று நான்தான் ரைப் அடித்தேன். அந்த ஒரு வரியால் மெசின் கொழும்பு வியாபாரி ஒருவருக்குப் போகிறது. நவம்பர் கடைசியில் ஆட்களோடு வந்து கழற்றி லொறியில் ஏற்றப் போகிறார். முப்பத்தெட்டுப் பேருக்கும் வேலை இல்லை.

ஏன் ஒருவரும் இல்லை என்று உங்களுக்கு எழுத வேண்டும். இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன், இரண்டு வருஷத்துக்கு முந்தியது. எழுதிவிட்டுப் பெட்டியில் பூட்டிவைத்தேன். படியுங்கள். கம்பனி உங்கள் வாக்கை மீறவில்லை அக்கா. வாக்கு அவர்களிடம் போகவே இல்லை. உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்தவன் நடுவில் நின்று அதை விழுங்கிவிட்டான். மணிச் சத்தத்தைக் கேட்கப் பயந்துதான் நான் ஊருக்கு வரவில்லை.

மனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. ஆள் பழக்க எங்களுக்கு என்ன செலவு, அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார்.

மன்னிப்புக் கேட்க முகமில்லை. ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள். அத்தானுக்குச் சொல்லுங்கள்.

ஸ்ரீபன்

*

கொட்டாஞ்சேனை.
20.10.1963

அக்கா,

ஆறு கிழமையாயிற்று, உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. ஏசியாவது எழுதுங்கோ. ஒரு தபாலட்டை போதும். நீங்கள் சுகமாக இருந்தால் அது எனக்குக் காணும்.

ஸ்ரீபன்

*

இயேசு மரி சூசை
தாழைமுனை.
1.12.1963

என் தம்பி ராசாவுக்கு,

நாங்கள் சுகம். கண் எரிவு மாறிவிட்டது. அது கண் வருத்தமே இல்லை, அமோனியா. மெசினுக்குள் ஓடுகிற காற்று. ஆஸ்பத்திரியில் என் கண்ணைப் பார்த்த பத்மாசனி நேர்ஸ் கூட வருத்தமென்று நம்பிவிட்டா. உன் மருந்தை அத்தான் தன் கண்ணுக்கு விட்டு முடித்தார்.

நீ இரண்டு வருஷம் என்னைக் காக்கவைத்தாய், நான் உன்னை மூன்று மாதம் காக்கவைத்தேன். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது, ஒளிப்பானேன். மிச்சம் வேலை. துரை போக முன்னம் மெசினை ஒருதரம் முழுக்கக் கழற்றிப் பூட்ட வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்து, பதினேழு நாள் எடுத்தது.

மணி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சுவாமியார் சாக்கைப் பிரித்ததும் அந்தோனியார் பெயரைப் பார்த்தேன். அது உன் எழுத்து. மணலில் உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான், எனக்குத் தெரியாதா? நாங்கள் ஆளுக்கு இடம் கேட்டோம், உன் எழுத்தோடு மணி வந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்று விளங்கிக்கொள்ள இங்கிலீசு தேவையில்லை. அன்றைக்கு முழுவதும் அழுதேன். நீ எங்களை நினைத்து வெட்கப்பட்டாயே என்று அழுதேன். பிறகு, பன்னிரண்டு வயதில் உன்னைத் தனியே போடிங்குக்கு அனுப்பியதும் நான்தானே என்று யோசித்தேன். நீயாகச் சொல்லட்டும் என்றுதான் எதுவாக இருந்தாலும் எழுது என்று கேட்டேன். நீ பிரசங்கம் எழுதினாய்.

அதற்குப் பிறகு உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. துரை காய்ச்சலால் எழும்பி நண்டுக் கறி சாப்பிட்ட அன்று, வள்ளத்தையும் தண்டையலையும் கரித்துண்டால் நிலத்தில் கீறிக் காட்டி, கரைப்பங்கைக் கையாலும் கண்ணாலும் சொன்னேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. விளங்கியதும் எழும்பி நின்று, எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்றார். அது எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்குப் பாஷை இல்லை.

வேறு ஆளை இருத்தினால் இத்தனை நாளும் ஏன் இருத்தவில்லை என்று ஊர் கேட்கும், உன் பெயர் வரும். ஆகவே கம்பனி தொடக்கத்திலேயே வாக்கைக் காப்பாற்றியது, மேற்பார்வை என்று மெசினடியில் இருக்கிற ஆள் நான்தான் என்று ஊருக்குச் சொன்னேன். கொழும்புக்கு எழுத வேண்டாமென்று துரையையும் மறித்தேன். பொம்பிளை மெசினடியில் இருப்பதா என்று நாலு பேர் கதைத்தார்கள். அவர்களுக்கும் ஐஸ் வேண்டும், கதை நின்றுவிட்டது. வாத்தியார் என்று உனக்கு எழுதியதும் நான்தான். நீ கீறிய படங்களை எஞ்சின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடிதத்தில் இருந்தது விளக்குக் கரி இல்லை, கிறீஸ்.

போன வெள்ளிக்கிழமை வியாபாரி ஆறு ஆட்களோடு ஸ்பானர்களைக் கொண்டு வந்தார். மனேஜரும் வந்தார். யென்சன் துரை மெசினை நிறுத்திவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் எண்ணெய் பார்த்து, வால்வைத் திறந்து, எஞ்சினைச் சுற்றினேன். இரண்டாம் சுற்றில் பிடித்தது. மனேஜர் ஓடி வந்து யார் ஓட்டுகிறது என்று கேட்டார். துரை என்னைக் காட்டினார். மனேஜர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார், அங்கே இரஞ்சிதம் கூடையோடு நின்றாள். பிறகுதான் என் கையைப் பார்த்தார்.

அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் பக்கத்திலே கதிரை போட்டு இருந்து பார்த்தார்கள். ஐஸ் கட்டி முப்பதும் குறையில்லாமல் கழன்று வந்தது. வியாபாரி தன் ஸ்பானர்களைச் சாக்கில் கட்டினார். மெசின் சங்கத்துக்கு என்று மனேஜர் சுவாமியார் முன்னால் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். உன் அறிக்கையில் இருக்கிற அந்த வரியை நீயே வெட்டு.

துரை போகும்போது அழுதார். உறைப்பால் என்று அத்தான் சொல்கிறார். அத்தானுக்கு உன் சங்கதி எல்லாம் தெரியும், தொடக்கத்திலிருந்தே தெரியும். அவர்தான் வாய் திறக்கமாட்டாரே. இந்தக் கடிதத்தை நான் எழுத, அவர் குசினியில் சோறு வடிக்கிறார், குழைந்துவிட்டது.

இனித்தான் கஷ்டம், எனக்குத் தெரியும். றாலை வாங்கிக் கப்பலில் ஏற்ற ஆள் இல்லை, இப்போதைக்கு ஐஸ்தான் விற்கலாம். பெண்களில் பாதிப்பேருக்குத்தான் வேலை, மற்றவர்கள் பாய் இழைக்கத் தொடங்கிவிட்டார்கள். செட்டிகுளத்து வியாபாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மெசினில் ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது, மூன்று மாதம் தாங்கும் என்றார் துரை. புதிது டென்மார்க்கிலிருந்துதான் வர வேண்டும். செலாவணி அனுமதி கேட்டும், வளையம் கேட்டுக் கம்பனிக்கும் நீதான் இங்கிலீசில் கடிதம் எழுத வேண்டும். வளையத்தின் அளவைத் தனித்தாளில் கீறி வைத்திருக்கிறேன். அப்படியே எழுது. கூட்டாதே, குறைக்காதே.

ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு நீ தொழிற்சாலை கொண்டுவந்த பிள்ளை. அது பொய்யும் இல்லையே. உனக்கு மனம் கேட்காவிட்டால் நீயே வந்து கோயில் வாசலில் நின்று சொல்லு, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நத்தாருக்கு வா. எங்கள் மெசின் எங்கள் கையால் ஓடிய முதல் நாளில் பிடிபட்ட றாலில் ஒரு கூறு உனக்கென்று ஐஸில் வைத்திருக்கிறேன். அது கெடாது. அதற்காக நீ இன்னும் சுணங்காதே.

கோப்பையைக் கழுவி வைத்திருக்கும்,
உன் அக்கா,
அற்புதம்